ஆ காட்டு

மறுநாள் அம்மா லீமா வேலைக்குத் திரும்புகிறாள். அதற்குள் பத்து மாத ரெனிட்டா தானாக எடுத்துச் சாப்பிடப் பழகியாக வேண்டும். அப்பா செல்வின் கேரட்டைக் குழைய அவித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி அவள் முன்னால் வைத்தான். “ஆ காட்டு, தங்கம்” என்று தன் வாயை அகலமாகத் திறந்து காட்டினான். ரெனிட்டா ஒரு துண்டை எடுத்து அந்த வாய்க்குள் திணித்தாள். அடுத்த நான்கும் அங்கேயே போயின.

“முதல்ல நீங்க வாய மூடுங்க!” அடுக்களையிலிருந்து லீமா சிரித்தாள்.

மூடிக்கொண்டான். ரெனிட்டா கடைசித் துண்டால் அவன் உதட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு பல்லும் தெரிய, “ஆ...” என்றாள். துண்டைப் பிடித்திருந்த அந்தக் கையை மெல்ல அவள் வாய்ப் பக்கம் திருப்பிவிட்டால் போதும். அதற்குள் செல்வினின் வாய் தானாகத் திறந்துகொண்டது.