சான்றிதழ் கேட்டவன்

"எண்பத்தெட்டா? இந்தப் பொம்மைத் துப்பாக்கி சொன்னா நான் நம்பணுமா?" காரை விட்டு இறங்கிக் கத்தினான் கணவன்.

வேகத்தை அளக்கும் லேசர் கருவியை வைத்திருந்த பெண் காவலர் அதன் திரையைக் காட்டினார். "ஐம்பதைத் தாண்டக் கூடாத ரோடு சார். ஏற்கெனவே ரெண்டு தடவை மாட்டியிருக்கீங்க. இது மூணாவது. லைசென்ஸ் போயிடும்."

"ஓரமா நின்னு சாய்வா அடிச்சா கண்டபடிதான் காட்டும். கோணம்னா என்னன்னு தெரியுமா?"

வீட்டில் ஃபேன் ஓடாவிட்டால் சுவிட்சைப் பார்க்கக்கூட மனைவியைக் கூப்பிடுகிறவன், நடுரோட்டில் பாடம் எடுத்தான். காருக்குள் இருந்த அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"விடுங்க. தப்பை ஒத்துக்கிட்டு வாங்க."

"நீ சும்மா இரு. ஆபீஸ்ல ஃபைல் தள்ளுற உனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?"

பதினோரு வருஷமாக இதே பேச்சு. ஆபீஸில் அவளுக்கு என்ன வேலை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதவனிடம் சொல்வதை அவளும் எப்போதோ விட்டுவிட்டாள்.

"மெஷினைச் சோதிச்ச சான்றிதழைக் காட்டுங்க. எந்த மடையன் கையெழுத்துப் போட்டான்னு பார்க்கிறேன்."

காவலர் தாளை நீட்டினார். அவன் வாங்கி வாசித்தான். அடியில், 'தலைமைச் சோதனையாளர்' என்ற இடத்தில் அவன் மனைவியின் பெயரும் கையெழுத்தும் இருந்தன.

ஜன்னலருகே குனிந்தான். குரல் குழைந்தது. "நீயா இது? அப்ப நீயே சொல்லும்மா. ஓரமா நின்னு சாய்வா அடிச்சா தப்பாத்தானே காட்டும்?"

"ஆமா, தப்பாத்தான் காட்டும்," என்றாள் அவள், காவலருக்கும் கேட்கும்படி. "உண்மையான வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டும்."