பிளக் பிடுங்கிய பிறகு

ஆய்வுக்குழு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில் இருபது திரைகளிலும் ‘இணைந்தாயிற்று, வணக்கம்’ என்று பச்சை எழுத்து ஓடியது. ஒரு கணினி இன்னொரு கணினியோடு நேரடியாகப் பேசும் மாதிரி நிரல் அது. அதைக் காட்டித்தான் தற்காலிக ஆசிரியை குணவதி மூன்று வருடமாக வேலையைத் தக்கவைத்திருந்தாள். இப்போது அவள் கால் தடுக்கி, கணினிகளை இணைக்கும் பெட்டியின் பிளக் பிடுங்கிக்கொண்டது. திரைகள் அசரவில்லை. வணக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

நிரலைத் திறந்தாள். மறுமுனையின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் எண்ணை எவனோ நிரந்தரமாக எழுதி வைத்திருந்தான். மூன்று வருடமாக இருபதும் தமக்குத்தாமே கும்பிடு போட்டிருக்கின்றன.

“கருமம்!”

முகவரியைக் கேட்டு வாங்கும்படி அந்த வரியை மாற்றினாள். பிளக்கைச் செருகி, புதிய நிரலை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பினாள். பச்சை எழுத்து போய், ‘யாருடன் பேச வேண்டும்?’ என்ற கேள்வி வந்து நின்றது.

“யார் நம்பர் போடணும் மேடம்?” என்றான் முன்வரிசை மாணவன் அப்சல்.

“பக்கத்துல இருக்கவன்கிட்ட கேளுடா.”

“அவன்கூட நான் பேசறதில்ல மேடம்.”

அதற்குள் வராந்தாவில், ஆய்வுக்குழுவை அழைத்து வரும் முதல்வரின் குரல். “வாங்க சார், போன வருஷம் பார்த்த அதே லேப்தான்.”

பழைய நிரல் அழியவில்லை. ஒரு பொத்தானைத் தட்டினால் இருபது திரையும் மறுபடி வணக்கம் சொல்லும். குணவதி அப்சலின் நாற்காலியைப் பிடித்து, பக்கத்து நாற்காலியோடு முட்டும்படி இழுத்தாள்.

“கேளு,” என்றாள்.