சந்தனம் பூசிய கார்

மட்டாஞ்சேரியில் வாடகைக்குக் கார் விடும் செல்லதுரைக்கு இன்று பக்தி முற்றியிருக்கிறது. சுக்கு நெடி அடிக்கும் சந்தில் நிற்கிற கறுப்பு அம்பாசடரின் கதவில், கார் கழுவும் பேச்சி அவர் சொன்னபடி சந்தனத்தை அப்புகிறாள். பூசையாவது, மண்ணாவது! போன மாதம் லாரி உரசிய முழ நீளக் கீறலை மூடுகிற பூச்சு அது. வழியில் மழை கழுவிவிடும். வண்டி திரும்பியதும் கீறலைக் காட்டி முன்பணம் முழுவதையும் அமுக்கிக்கொள்வார். போன வாரம் ஒரு வெள்ளைக்காரன் அப்படித்தான் வெறுங்கையோடு போனான். இன்று அகப்பட்டிருப்பவள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. ‘வண்டியில் பழுதில்லை’ என்று ஆங்கிலத்தில் அடித்த காகிதம் பானட்டின் மேல் படபடக்க, பேனாவைத் திறக்கிறாள். ஈரச் சந்தனத்தில் வெயில் மினுங்குகிறது.

“எங்க வழக்கம் மேடம். காட் பிளஸ்,” என்று செல்லதுரை கும்பிடுகிறார். கும்பிட்ட கைக்குள் சாவி தொங்குகிறது.

“அப்ப மதாம்மா நெத்தியிலயும் கொஞ்சம் வச்சுக்கட்டுமே, மொதலாளி,” என்று பேச்சி தன் நெற்றியைத் தொட்டுக் கதவைக் காட்டுகிறாள்.

“நீ போய் சாயா குடிடி!”

கிழவி சிரித்தபடி கதவில் விரலை இழுக்கிறாள். பாதியில் விரல் நிற்கிறது. நகம் பள்ளத்தில் இறங்குகிறது. சந்தனம் ஒதுங்கிய இடத்தில் துருப்பிடித்த தகரம் பல்லிளிக்கிறது. அவள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, காகிதத்தில் ‘பழுதில்லை’யைக் கோடிட்டு அடித்து, கீறல் இருப்பதை எழுதி, கையெழுத்துக்கு அவரிடம் பேனாவை நீட்டுகிறாள். செல்லதுரைக்குக் கும்பிட்ட கையைப் பிரிக்க வரவில்லை.