கூழாங்கல் தாத்தா

"அடியே புதுசு, உன் கூழாங்கல் தாத்தா லைன்ல இருக்காரு. நீதான் வேணுமாம்!" பக்கத்து சீட் அக்கா சிரித்துக்கொண்டே அழைப்பை இவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

புதுசு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வாஷிங் மெஷின் வாங்கிய வெளிநாட்டுக்காரர்களின் சந்தேகங்களை போனில் தீர்க்கிற வேலை. இன்றோடு பயிற்சிக் காலம் முடிகிறது. ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் இங்கே ஒரே அர்த்தம்தான்: எடுத்தவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த மனிதரோ தினமும் கூப்பிடுகிறார்.

"இன்னைக்கு நானும் கேக்கறேன். இன்னைக்கும் அவருக்குத் தெளியலைன்னா, உன்னை வேலையில வைக்கச் சொல்லி என்னால மேலிடத்துல பேச முடியாதும்மா," என்றபடி டீம் லீடர் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

தாத்தாவின் இங்கிலீஷ், வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசுகிற ரகம். பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். முதல் நாள் 'மெஷின்' என்பதைத் தவிர ஒன்றும் விளங்காமல் இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் விடுகிற ஆளா இவள்? வீட்டில் பாத்திரம் கழுவும்போது அவரைப் போலவே பேசிப் பேசிப் பார்த்தாள். "என்னடி, பல்வலியா?" என்றாள் அம்மா. எப்படியோ, இப்போது அவர் கேட்பது பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. அதில் இவளுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்கூட உண்டு.

இன்றைய கேள்வி, கம்பளித் துணிக்கு எந்த பட்டனை அழுத்துவது என்பது. நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் தாத்தா, தன் இங்கிலீஷில். சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

டீம் லீடர் உதட்டைப் பிதுக்கினார். இவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வேலை போனால் போகட்டும், பாவம், அந்த மனிதரையாவது அலைய விடக் கூடாது.

"ஐயா, நான் பேசறது புரியலைன்னா தயங்காம சொல்லிடுங்க. நல்லா பேசறவங்க இங்க இருக்காங்க, அவங்ககிட்ட கொடுத்துடறேன்."

"ஐயையோ, வேண்டாம்மா!" தாத்தா பதறிப்போனார். "மெஷின் முதல் நாளே சரியாயிடுச்சு. என் பையன் உங்க நாட்டுப் பொண்ணைக் கட்டியிருக்கான். நாளைக்கு முதல்முதலா வீட்டுக்கு வர்றா. அவ இங்கிலீஷ் போன்ல எனக்கு ஒண்ணுமே பிடிபடலை, சிரிச்சே சமாளிச்சுட்டேன். நீயும் அச்சு அசலா அவளை மாதிரியே பேசறே. அதான் தினமும் உன்னைக் கூப்பிட்டு என் காதைப் பழக்கிக்கிட்டேன்!"

டீம் லீடர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "சார், இந்தப் பொண்ணு இனிமே இங்கதான் இருப்பா. மருமக சொல்றது விளங்கலைன்னா, எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க!"