தக்காளிக்குக் காவல்

மூன்று மணி வெயில் தக்காளிச் செடிகள் மேல் சாய்ந்து கிடக்கிறது. நடுவில் நட்ட கம்பில் ஒரு பழைய செல்போன். தையல்காரம்மாவின் மகன் போன வருடம் அனுப்பிய குரல்பதிவு அதில் திரும்பத் திரும்ப ஓடுகிறது: "அம்மா, அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்மா." ஆள் குரல் கேட்டால் அணில் அண்டாது என்று அவர் செய்த ஏற்பாடு. முதல் இரண்டு நாள் அணில் தலைதெறிக்க ஓடியது. இன்று கம்பின் உச்சியிலேயே உட்கார்ந்து, நல்ல பழமாகப் பார்த்துப் பறித்ததை இரண்டு கையாலும் உருட்டிக் கொறிக்கிறது. மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரரின் தலை தெரிகிறது. "அதுக்குத்தான் பயம் விட்டுப்போச்சேக்கா. போனை அணைச்சிட வேண்டியதுதானே?" ஜன்னலுக்குள் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நிற்கிறது. "தக்காளிதானே தம்பி, தின்னுட்டுப் போகட்டும். போன் அது பாட்டுக்கு ஓடட்டும்." குரல் மறுபடியும் அம்மா என்று தொடங்குகிறது. அது முடியும்வரை மிஷின் ஓடவில்லை.