மாதவன் சார் மொழிபெயர்த்தார்

“இத்தனை பேர் செத்த ரயில் பாதையில உங்க தாத்தா அதிகாரியா இருந்திருக்கார். அவரை எப்படித் தாத்தான்னு கூப்பிட முடியுது?”

மாதவன் சார் இதை இங்கிலீஷில் கேட்டார். கூடியிருந்தவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார்.

கெய்கோ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜப்பான்காரி, இருபத்திரண்டு வயசு. யுத்த காலத்தில் ஜப்பான் ராணுவம் சயாம் ரயில் பாதை போட்டபோது செத்துப்போன கூலிகளின் பெயர்களை அவள் தாத்தா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ‘சோணைமுத்து, நரிக்குடி’ என்ற பெயரைத் தேடி இந்த வருஷம், 1993இல், வந்துவிட்டாள்.

எதிரே சோணைமுத்துவின் பேத்தி தங்கச்செல்வி. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால்தான் அதே ஊர்க்காரரான மாதவன் சாரைக் கூப்பிட்டிருந்தார்கள். அருப்புக்கோட்டையில் இங்கிலீஷ் வாத்தியார்.

கெய்கோ நிமிர்ந்தாள். “கூப்பிட முடியுது. அவர் செஞ்சதைச் சொல்லவும் முடியுது. நோட்டைக் காலேஜ்ல எல்லார் முன்னாடியும் வாசிச்சேன். ரெண்டு வருஷமா எங்கப்பா என்கூடப் பேசுறதில்லை.”

மாதவன் சார் தமிழில் சொல்லிவிட்டு, தன் பங்குக்கும் சேர்த்தார். “தப்புப் பண்ணின குடும்பம் மறைக்கத்தான பாக்கும்.”

தங்கச்செல்வி மெல்லக் கேட்டாள். “எங்க தாத்தா எப்படிச் செத்தாகன்னு எழுதியிருக்கா?”

“காலரா. மழைக்காலம். வயசு இருபத்தாறு.” கெய்கோ நோட்டைப் பார்த்துச் சொன்னதைச் சார் தமிழில் சொன்னார்.

“மலேயாவுல வேற குடும்பம் வச்சுக்கிட்டாகன்னுதான் ஊருல சொன்னாக. எங்கப்பா சாகுற வரைக்கும் அதை நம்பித்தான் வைஞ்சாரு.”

சார் அதை மொழிபெயர்த்ததும் கெய்கோவின் கண் கலங்கியது. நோட்டைப் புரட்டி இங்கிலீஷில் இன்னொன்று கேட்டாள்.

“ரப்பர் தோட்டத்துல இருந்து பொய் சொல்லி இவரை சயாமுக்கு ரயிலேத்தினது, கூலிக்கு ஆள் பிடிச்ச இதே ஊர்க் கங்காணின்னு இருக்கு. அவர் குடும்பம் இங்க இருக்கா?”

மாதவன் சார் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“என்ன சார் கேக்குது?” என்றாள் தங்கச்செல்வி.

“ஒண்ணுமில்லை. கம்மாயில தண்ணி கெடக்கான்னு கேக்குறாங்க.”

தங்கச்செல்வி அவரையே பார்த்தாள்.

“நடுவுல ‘கங்காணி’ன்னுச்சு சார். அந்த வார்த்தை எனக்கும் தெரியும். இந்த ஊருல இருந்தது ஒரே கங்காணிதான்.”

சார் கர்ச்சீப்பை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

“தன் தாத்தா பண்ணினதைச் சொல்ல அந்தப் பிள்ளை கடல் தாண்டி வந்திருக்கு. உங்க தாத்தா பண்ணினதைச் சொல்ல, நீங்க தெக்குத் தெருவுல இருந்து வந்தாப் போதும்.”