நூற்றுக்கு நூறு

திரையில் ஆளுயரத்துக்கு நூறு சதவீதம் என்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வருடக் கடைசிக் கூட்டம். நாங்கள் வீடியோ கேம் கன்சோல் செய்கிற கம்பெனி. இந்த வருடம் என்ன கிழித்தோம், அடுத்த கன்சோலில் என்ன கிழிக்கப்போகிறோம் என்று டைரக்டர் ஒன்றரை மணி நேரமாகப் படம் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சில பேருக்குக் கேடயம் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. மடியில் வைத்திருந்தேன்.

கிழித்தது கொஞ்சநஞ்சம் இல்லை. குதிரையின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடுகிறது. ஓடுகிறவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. அவன் சேற்றில் கால் வைத்தால் நம் கையில் இருக்கும் கன்ட்ரோலர் சளக்கென்று அதிர்கிறது. நல்லது, யார் வேண்டாம் என்றது?

அதற்கப்புறம்தான் இந்த நூறு வந்தது.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு கருத்துக்கணிப்பு நடந்தது. பதினைந்து நாள். கன்சோலைப் போட்டதும் டிவியில் கேள்வி வரும், பட்டனை அமுக்கிப் பதில் சொல்ல வேண்டும். மொத்தம் பத்துக் கேள்விகள். ஏழாவது, உங்கள் கன்சோலுக்கு இன்டர்நெட் இருக்கிறதா என்பது.

நாற்பத்திரண்டாயிரம் பேர் பதில் சொன்னார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் இருக்கிறது என்றார்கள்.

இருக்காதா பின்னே? அந்தக் கேள்வியே இன்டர்நெட் வழியாகத்தானே டிவிக்கு வந்தது.

இல்லாதவன் வீட்டில் கேள்வி வரவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் மட்டும் போய்ச் சோறு கிடைத்ததா என்று கேட்டுவிட்டு, ஊரில் பட்டினியே கிடையாது என்று எழுதிவைத்த கதை. இத்தனை பெரிய மண்டைகள் உட்கார்ந்திருக்கிற அறையில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. கை தட்டுகிறார்கள்.

அந்த நூறை நம்பி அடுத்த கன்சோலில் டிஸ்க் போடுகிற வாயை எடுத்துவிடுகிறார்களாம். ஒவ்வொரு முறை ஆட ஆரம்பிக்கும்போதும் நெட்டில் ஒருதரம் சரிபார்க்குமாம். நெட் இல்லையென்றால் ஆட்டம் திறக்காது. செலவு மிச்சம், பெட்டியும் மெலிசு என்று நிதிப் பிரிவுக்காரர் பூரித்துப்போயிருந்தார்.

ஏழாவது கேள்வியை எழுதின கையை முறித்தால் என்ன என்றிருந்தது எனக்கு. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று? இரண்டு நிமிடம் யோசித்திருந்தால் போதும். மண்டையில் களிமண் இருந்தால் யோசனை எங்கிருந்து வரும்?

என் தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறான். ஏறினால் ஒன்பது மாதம். கப்பலில் இருக்கிற நெட் கேப்டனின் வேலைக்கே போதாது. சாப்பாட்டு அறையில் ஒரு டிவி, அதன் கீழே நான் வாங்கிக் கொடுத்த கன்சோல். கப்பல் ஆடும்போது விழுந்துவிடாமல் இருக்க மேஜையோடு சேர்த்துப் பட்டை போட்டு முடுக்கியிருக்கிறார்கள்.

வேலை முடிந்து வந்து பதினாறு பேர் முறை வைத்து ஆடுகிறார்கள். சமையல்காரரை இன்னும் யாரும் ஜெயித்ததில்லை. அது இல்லையென்றால் ஆளுக்கொரு அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்போம், பைத்தியம்தான் பிடிக்கும் என்பான்.

உப்புக் காற்றில் அந்தப் பெட்டி இப்போது இழுத்துக்கொண்டு கிடக்கிறது. போன மாதம் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினான். புதுசு வருகிறதாமே, கடலில் ஓடுமா என்று கேட்டான். நான் இருக்கிற கம்பெனியடா, ஓடாமல் எங்கே போகும் என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கருத்துக்கணிப்பு நடந்ததே அவனுக்குத் தெரியாது. அந்தப் பதினைந்து நாளும் அவன் நடுக்கடலில் இருந்தான்.

யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று டைரக்டர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். கேட்டுக்கொண்டே அடுத்த படத்துக்குப் போகக் கையைத் தூக்கினார்.

நான் எழுந்துவிட்டேன்.

"நெட் இல்லாதவங்க இந்தக் கேள்விக்கு எப்படி சார் பதில் சொல்லியிருப்பாங்க?"

டைரக்டர் தூக்கின கை அப்படியே நின்றது. பின் வரிசையில் ஒருத்தர் ஐயையோ என்று மெதுவாகச் சொன்னது முன் வரிசை வரைக்கும் கேட்டது.

டைரக்டருக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதுப் பெட்டியை வார்க்கிற அச்சுகளுக்கு ஆர்டர் போன வாரமே போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அப்புறம் என் கையில் இருந்த கேடயத்தைப் பார்த்தார்.

"இதை அப்பவே நீங்கதானேம்மா சொல்லியிருக்கணும்? கேள்வி எழுதினதே நீங்கதானே."

கேடயத்தில் அதுதான் பொறித்திருந்தது. இந்த ஆண்டின் சிறந்த கருத்துக்கணிப்பு.

பத்துக் கேள்விகளையும் ஒரே மூச்சில், டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். அதை வேறு எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உட்கார்ந்தேன். டைரக்டர் அடுத்த படத்துக்குப் போனார். மறுபடியும் குதிரை ஓடியது.

மேஜை மேல் போன் அதிர்ந்தது. தம்பி. கப்பல் கரைக்கு வந்திருக்க வேண்டும், நெட் கிடைத்திருக்கிறது.

அதே கையால் போனைக் கவிழ்த்து வைத்தேன்.